கேள்வி - பதில்: பூனைக்கு வாங்கும் பாக்கெட் தீவனம் தரமானதா?

‘‘மளிகைக் கடையில் சில்லறையாக நிறுத்துக் கொடுக்கும் பூனைத் தீவனத்தை நம்பி வாங்கலாமா? தரத்தை எப்படித் தெரிந்துகொள்வது? நாய்த் தீவனம் விலை குறைவாக இருக்கிறதே, அதையே கொடுக்கலாமா?’’
- வாசகி, திருவாரூர் மாவட்டம்.

வாசகியின் கடிதம் நீளமானது. சுருக்கம் இதுதான். மூன்று ஏக்கர் நெல் சாகுபடி. பத்தாயத்தையும் விதைநெல் மூட்டைகளையும் எலியிடமிருந்து காப்பாற்றிவந்த பூனை, போன சம்பாவில் மருந்து தின்ற எலியைத் தின்று செத்துப்போனது. அடுத்து வந்த பெட்டைப் பூனையை வீட்டார் வெளியே விடுவதே இல்லை. அது இப்போது மூன்று குட்டி போட்டிருக்கிறது. பாலும் சோறும் வைத்ததில் கழிச்சல் கண்டதால், கடையில் கிலோ கணக்கில் விற்கும் உருண்டைத் தீவனத்துக்கு மாறினார்கள். குட்டிகள் தேறவில்லை. தாய்க்கு முடி கொட்டுகிறது. ‘எல்லாம் ஒண்ணுதாம்மா, பேருதான் வேற’ என்கிறாராம் கடைக்காரர்.

எல்லாம் ஒன்றல்ல. விலை கூடினால் தரம் கூடிவிடும் என்பதும் இல்லை. ஆனால், பையின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் நாலைந்து வரிகளைப் படிக்கத் தெரிந்தால் முக்கால்வாசி உண்மை வெளியே வந்துவிடும். மாட்டுத் தீவன மூட்டையில் புரதம் எத்தனை, கொழுப்பு எத்தனை, மணல் எத்தனை என்று பார்த்து வாங்கும் விவசாயிக்கு இது புது வித்தை இல்லை. சில்லறையாக வாங்குவதில் உள்ள முதல் சிக்கலே, அந்தப் பின்பக்கம் கைக்கு வராமல் போவதுதான்.

பூனைக்கென்று நம் ஊரில் யாரும் தனியாகச் சமைத்ததில்லை. மீந்த சோறு, கொஞ்சம் மோர், மீன் வாங்கிய நாளில் தலையும் குடலும். அதைத் தின்றே பூனைகள் பத்து வருஷம் வாழ்ந்தன என்று பெரியவர்கள் சொல்வார்கள். வாழ்ந்தது உண்மை. ஆனால், சோற்றால் வாழவில்லை. ராத்திரி முழுக்க வைக்கோல் போரிலும் வரப்பிலும் சுற்றி எலி, ஓணான், குருவி, வெட்டுக்கிளி என்று பிடித்துத் தின்றதுதான் அதன் சாப்பாடு. சோறு வெறும் நொறுக்குத் தீனி. வேட்டையாடி வாழும் பூனைகளின் இரையை அலசி 2011-ல் வெளியான ஆய்வு ஒன்று, அவற்றுக்குக் கிடைக்கும் ஆற்றலில் 52 சதவிகிதம் புரதத்திலிருந்தும், 46 சதவிகிதம் கொழுப்பிலிருந்தும் வருகிறது என்று கணக்கிட்டது. மாவுச்சத்திலிருந்து வருவது 2 சதவிகிதம் மட்டுமே. போதாக்குறைக்கு, எலியின் உடம்பில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர். தண்ணீர் குடிக்காமலே தாகமும் தீர்ந்துவிடும்.

அந்தப் பூனையை வீட்டுக்குள் அடைத்தால் கணக்கு தலைகீழாகிறது. இனி கிண்ணத்தில் விழுவது மட்டும்தான் அதற்குச் சாப்பாடு. அதில் ஒரு சத்து இல்லையென்றால், வெளியே போய்த் தேடிக்கொள்ள வழியில்லை. ஆகவே, வெளியே திரியும் பூனைக்கு மேல்தீனியாகப் போடும் தீவனம் சுமாராக இருந்தால்கூடப் பெரிய பாதகமில்லை. அடைத்து வளர்க்கும் பூனைக்கு, அதிலும் குட்டி போட்ட பூனைக்கு, சுமார் என்ற பேச்சுக்கே இடமில்லை.

மாடு புல்லைத் தின்று தனக்கு வேண்டியதை வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் மூலம் தயாரித்துக்கொள்கிறது. நாயும் ஓரளவு சமாளிக்கும். பூனையால் முடியாது. கேரட், பூசணி, கீரையில் உள்ள சத்திலிருந்து மனித உடம்பு வைட்டமின் ஏ தயாரித்துக்கொள்ளும். பூனைக்கு அது ஈரல் போன்ற மாமிசத்திலிருந்து நேராகவே கிடைக்க வேண்டும். இதைவிட முக்கியமானது டாரின் என்கிற சத்து. அமினோ அமில வகையைச் சேர்ந்த இது இறைச்சி, மீன், குறிப்பாக இதயத்தில் நிறைய இருக்கிறது. அரிசி, சோளம், பயறு எதிலும் இருப்பதாகக் கணக்கில் எடுக்க முடியாது. பூனையின் உடம்பு தனக்குத் தேவையான அளவுக்கு இதைத் தயாரித்துக்கொள்வதும் இல்லை.

டாரின் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது அமெரிக்காவில் பூனைகள் பலியான பிறகே தெரிந்தது. டாரின் குறைந்தால் பூனையின் விழித்திரை அழுகிப் பார்வை போகிறது என்று 1975-ல் கண்டுபிடித்தார்கள். நாய்த் தீவனம் தின்று வளர்ந்த பூனைகளுக்கு அதே பார்வைக் கோளாறு வந்ததை 1978-ல் எழுதினார்கள். அதோடு முடியவில்லை. 1987-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் கால்நடை மருத்துவப் பிரிவைச் சேர்ந்த பால் பியன் என்ற மருத்துவரும் உடனிருந்தவர்களும், இதயம் பலூன்போல் வீங்கிச் செத்துக்கொண்டிருந்த பூனைகளின் ரத்தத்தில் டாரின் அடிமட்டத்தில் இருப்பதைக் காட்டினார்கள். அந்தப் பூனைகள் தின்றது தெருக்கடைச் சரக்கு இல்லை. அன்றைய விதிகளுக்கு உட்பட்டு, பெயர் பெற்ற கம்பெனிகள் தயாரித்த தீவனம். டாரின் கொடுத்ததும் பல பூனைகளின் இதயம் தேறியது. போன பார்வை மட்டும் திரும்புவதில்லை. அதற்குப் பிறகுதான் கம்பெனிகள் டாரின் அளவைக் கூட்டின.

நாய்த் தீவனம் பற்றிய கேள்விக்கு இதிலேயே பதில் இருக்கிறது. நாய்க்கு டாரின் தனியாகச் சேர்க்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. புரதமும் குறைவாகவே போதும். ஒருநாள், இரண்டு நாள் நாயின் கிண்ணத்தில் பூனை வாய் வைத்தால் ஒன்றும் ஆகாது. அதுவே முழுநேரச் சாப்பாடாக இருக்கக் கூடாது.

இனி பையின் பின்பக்கத்துக்கு வருவோம்.

முதலில் தேட வேண்டியது ‘கம்ப்ளீட் அண்ட் பேலன்ஸ்டு’ அல்லது ‘கம்ப்ளீட் ஃபுட்’ என்ற சொல். வேறெதுவும் கொடுக்காமல் இதை மட்டுமே கொடுத்து வளர்க்கலாம் என்று கம்பெனி பொறுப்பேற்கும் சொல் அதுதான். ‘காம்ப்ளிமென்டரி’, ‘ட்ரீட்’, ‘ஸ்நாக்’ என்றிருந்தால் அது மிட்டாய், சாப்பாடு இல்லை. அதே வரியில் எந்த வயதுக்கு என்றும் இருக்கும். ‘கிட்டன்’ என்றால் குட்டிக்கு, ‘அடல்ட்’ என்றால் வளர்ந்ததற்கு, ‘ஆல் லைஃப் ஸ்டேஜஸ்’ என்றால் எல்லா வயதுக்கும். சினைப் பூனைக்கும் பால் கொடுக்கும் பூனைக்கும் குட்டித் தீவனம்தான் சரி. திருவாரூர் வாசகியின் தாய்ப் பூனைக்கும் குட்டிகளுக்கும் ஒரே பை போதும்.

பல பைகளில் ஏ.ஏ.எஃப்.சி.ஓ என்ற எழுத்துகள் இருக்கும். அமெரிக்காவில் தீவனக் கட்டுப்பாட்டு அலுவலர்கள் சேர்ந்து வைத்திருக்கும் சங்கத்தின் சுருக்கப் பெயர் அது. அந்தச் சங்கம் எந்தத் தீவனத்தையும் சோதித்து முத்திரை குத்துவதில்லை. குறைந்தபட்ச அளவுகளை வகுத்துக் கொடுக்கிறது, அவ்வளவுதான். ‘அந்த அளவுகளின்படி தயாரித்தோம்’ என்பது கம்பெனியின் வாக்கு. பூனைகளுக்கே கொடுத்துப் பார்த்துச் சோதித்தோம் என்று எழுதியிருந்தால் ஒரு படி மேல்.

அடுத்தது அளவுகள். க்ரூட் புரோட்டீன் என்பது புரதம், க்ரூட் ஃபேட் கொழுப்பு, க்ரூட் ஃபைபர் நார், மாய்ஸ்ச்சர் ஈரம், ஆஷ் சாம்பல். முதல் இரண்டும் ‘இதற்குக் குறையாது’ என்ற கணக்கு. நாரும் ஈரமும் ‘இதற்கு மேல் போகாது’ என்ற கணக்கு. மேலே சொன்ன அமெரிக்க அளவுப்படி, ஈரத்தை நீக்கிவிட்டுப் பார்த்தால் வளர்ந்த பூனைக்குப் புரதம் 26 சதவிகிதமாவது இருக்க வேண்டும். குட்டிக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் 30 சதவிகிதம். கொழுப்பு 9 சதவிகிதம். டாரின் உலர் தீவனத்தில் 0.1 சதவிகிதம், அதாவது கிலோவுக்கு ஒரு கிராம். இவையெல்லாம் தரை மட்டம். இதற்கு மேல் எவ்வளவு இருக்கிறது என்பதுதான் தரம்.

‘ஈரத்தை நீக்கிவிட்டு’ என்பது கறவை மாடு வைத்திருப்பவர்களுக்குத் தெரிந்த உலர் பொருள் கணக்குதான். பசுந்தீவனத்தில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். வைக்கோலில் அப்படி இல்லை. இரண்டையும் எடையை வைத்து ஒப்பிட முடியாது. பூனைத் தீவனத்துக்கும் அதே முறை. ஒரு பையில் புரதம் 24, ஈரம் 12 என்றிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நூறில் 12 போனால் மிச்சம் 88. 24-ஐ 88-ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 27. வளர்ந்த பூனைக்குத் தேறும், குட்டிக்குத் தேறாது. இன்னொரு பையில் புரதம் 30, ஈரம் 10. மிச்சம் 90; கணக்கு 33. இது இரண்டுக்கும் தேறும். புரதம் 20, ஈரம் 10 என்றிருக்கும் நாய்த் தீவனம் 22-தான் வருகிறது. பூனைக்கான தரை மட்டத்தையே அது தொடவில்லை.

இதே கணக்கைக் குழம்புபோல் பவுச்சில் வரும் ஈரத் தீவனத்துக்கும் போடலாம். பையில் ‘புரதம் 9 சதவிகிதம்’ என்று பார்த்ததும் ஏமாற்று என்று தோன்றும். ஈரம் 83 என்பதையும் சேர்த்துப் பாருங்கள். மிச்சம் 17, அதில் 9 என்றால் 53 சதவிகிதம். சரக்கு நல்ல சரக்குதான். தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறோம் என்பதுதான் விஷயம்.

மாவுச்சத்து எவ்வளவு என்று எந்தக் கம்பெனியும் பெரிதாகப் போடாது. நாமே கண்டுபிடித்துவிடலாம். புரதம், கொழுப்பு, நார், ஈரம், சாம்பல் எல்லாவற்றையும் கூட்டி நூறில் கழித்தால் மிச்சம் மாவு. சாம்பல் போடவில்லை என்றால் 8 என்று வைத்துக்கொள்ளலாம். புரதம் 30, கொழுப்பு 10, நார் 4, ஈரம் 10, சாம்பல் 8 என்றால் கூட்டுத்தொகை 62. மாவு 38. உருண்டையாகப் பிடித்து நிற்க வேண்டுமானால் ஓரளவு மாவு இல்லாமல் முடியாது. வெந்த மாவைப் பூனை செரிக்கவும் செய்யும். ஆனால், 45-ஐத் தாண்டினால் அது பூனைத் தீவனம் என்ற பெயரில் விற்கும் சோளம். ‘தானியம் இல்லாதது’ என்று முன்பக்கத்தில் பெரிதாகப் போட்டிருந்தாலும் இந்தக் கழித்தலைப் போட்டுப் பாருங்கள். சோளத்துக்குப் பதிலாக உருளைக்கிழங்கும் பட்டாணியும் உட்கார்ந்திருக்கும்.

புரத எண்ணை மட்டும் நம்பிவிடவும் கூடாது. புரதத்தை யாரும் நேராக அளப்பதில்லை. டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் இருந்த கெல்டால் 1883-ல் வகுத்த முறைப்படி நைட்ரஜனை அளந்து, 6.25-ஆல் பெருக்கிப் புரதம் என்று எழுதுகிறார்கள். ‘க்ரூட்’ என்ற சொல்லின் பொருள் அதுதான். நைட்ரஜன் எங்கிருந்து வந்தது என்று அந்தச் சோதனைக்குத் தெரியாது. யூரியா கலந்த தீவனம் புரதம் கூடுதலாகக் காட்டும் கதை பால் பண்ணைக்காரர்களுக்குப் பழையது. பூனை, நாய்த் தீவனத்தில் இது 2007-ல் பெரிய அளவில் நடந்தது. சீனாவிலிருந்து வந்த கோதுமைப் புரதத்தில் பிளாஸ்டிக் செய்யப் பயன்படும் மெலமைனைக் கலந்து நைட்ரஜனை ஏற்றியிருந்தார்கள். அந்தத் தீவனத்தைத் தின்ற பூனைகளும் நாய்களும் சிறுநீரகம் கெட்டுச் செத்தன. அமெரிக்காவிலும் கனடாவிலும் கோடிக்கணக்கான பாக்கெட்டுகளைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற வேண்டியதாயிற்று. ஏமாற்று வேலை இல்லாவிட்டாலும், இறகும் தோலும் கொம்பும்கூட சோதனையில் புரதமாகத்தான் தெரியும். பூனையின் வயிற்றுக்கு அது தெரிந்துவிடும்.

அதனால் மூலப்பொருள் பட்டியலையும் படிக்க வேண்டும். எடை அதிகமானது முதலில் என்ற வரிசையில் எழுதியிருப்பார்கள். முதல் இரண்டு, மூன்று இடங்களில் கோழி, மீன், கோழித் தூள், மீன் தூள், ஈரல் என்று விலங்குப் பொருள் இருக்க வேண்டும். ஒரு சூட்சுமம் உண்டு. எடை போடுவது சமைப்பதற்கு முன். பச்சைக் கோழிக்கறியில் 70 சதவிகிதம் போலத் தண்ணீர். முதலிடத்தில் ‘கோழிக்கறி’, இரண்டாவது ‘சோளம்’ என்றிருந்தால், காய்ந்த பிறகு கறி சுருங்கி, சோளம் முன்னுக்கு வந்துவிடும். ‘கோழித் தூள்’ என்பது ஏற்கெனவே காய்ந்த சரக்கு. கேட்க மட்டமாக இருந்தாலும் புரதம் அதில்தான் கூடுதல். இன்னொரு தந்திரம், சோளத்தைச் சோள மாவு, சோளத் தவிடு, சோளக் குளூட்டன் என்று மூன்றாகப் பிரித்து எழுதுவது. தனித்தனியாகப் பின்னால் போய்விடும். கூட்டினால் அதுதான் முதலிடம். ‘பை-புராடக்ட்ஸ்’ என்று பார்த்ததும் முகம் சுளிக்க வேண்டியதில்லை. ஈரல், இதயம், மண்ணீரல் எல்லாம் அதில் அடக்கம். எலியைப் பிடித்த பூனை தொடைக்கறியை மட்டுமா தின்கிறது?

பட்டியலின் கடைசியில் டாரின் என்ற பெயர் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். இல்லையென்றால் அந்தப் பையைத் திரும்ப வைத்துவிடலாம்.

சிவப்பு, பச்சை, மீன் வடிவம், நட்சத்திர வடிவம் எல்லாம் வாங்குபவர் கண்ணுக்கு. ‘ஓஷன் ஃபிஷ் ஃப்ளேவர்’ என்றால் மீன் சுவை. மீன் எவ்வளவு என்பதற்கு அது சாட்சி இல்லை. பூனை ஆசையாகத் தின்கிறது என்பதும் சாட்சி இல்லை. உருண்டையின் மேல் கொழுப்பும் இறைச்சிச் சாறும் தெளித்துத்தான் விற்கிறார்கள். எந்த மட்டச் சரக்கையும் அப்படித் தின்ன வைத்துவிடலாம்.

நல்ல பையையே வாங்கி, பிரித்து, பாலிதீனில் நிறுத்துக் கொடுத்தால் என்ன குறை? இருக்கிறது. மேலே பூசிய கொழுப்பு காற்றுப் பட்டால் காறிப்போகும். காறிய கொழுப்பு வைட்டமின்களையும் கெடுக்கும். டெல்டா மழைக்காலத்தில் வாய் திறந்த மூட்டை ஈரத்தை இழுத்தால், அதிலுள்ள சோளத்தில் பூஞ்சணம் வரும். அஃப்லாடாக்சின் என்ற நஞ்சைப் பற்றி நிலக்கடலை, மக்காச்சோளம் போடுபவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1960-ல் இங்கிலாந்தில் லட்சம் வான்கோழிகள் செத்துப்போனபோது, கடலைப் பிண்ணாக்கில் வெளிச்சத்துக்கு வந்த நஞ்சுதான் அது. ஈரலைத்தான் முதலில் தாக்கும். வாசனையை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. எனவே, சில்லறைத் தீவனத்தில் மூன்று தகவல் காணாமல் போகிறது: எந்தக் கம்பெனி, எந்த வயதுக்கு, எந்த மாதம் தயாரித்தது. கலப்படம் நடக்கவே இல்லை என்றாலும், வளர்ந்த பூனையின் தீவனத்தைப் பால் கொடுக்கும் பூனைக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறோமா என்பதுகூடத் தெரியாது. வாசகியின் வீட்டில் நடந்திருப்பது அதுவாகவே இருக்கலாம்.

மூடிய பையில் தயாரிப்பாளர் பெயர், முகவரி, எடை, அதிகபட்ச விலை, தயாரித்த மாதம், புகார் தொடர்பு எண் இருந்தாக வேண்டும் என்பது சட்டம். இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லலாம். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்தில் தீவனப் பகுப்பாய்வு ஆய்வகம் இருப்பது கோழி, மாடு வளர்ப்பவர்கள் அறிந்ததே. ஒரு கிலோ பைக்காக அங்கே போவது கட்டுப்படியாகாது.

விலையையும் கிலோ கணக்கில் பார்க்காமல் நாள் கணக்கில் பாருங்கள். நாலு கிலோ எடையுள்ள வளர்ந்த பூனைக்கு நல்ல தீவனம் நாளொன்றுக்கு 55 முதல் 65 கிராம் போதும். உதாரணத்துக்கு, கிலோ 320 ரூபாய் தீவனத்தில் 60 கிராம் என்றால் 19 ரூபாய். கிலோ 220 ரூபாய் தீவனம் செறிவு குறைந்து 75 கிராம் தின்ன வேண்டியிருந்தால் 16 ரூபாய் 50 காசு. கடையில் நூறு ரூபாய் வித்தியாசமாகத் தெரிந்தது, கிண்ணத்தில் இரண்டரை ரூபாயாகிவிடுகிறது. மட்டமான தீவனத்தில் சாணமும் நிறைய வரும்; செரிக்காததுதானே வெளியே வருகிறது. பால் கொடுக்கும் தாய்க்கு அளவு பார்க்க வேண்டாம். இரண்டு, மூன்று மடங்கு தின்னும், தின்னட்டும்.

வாசகி உடனே செய்ய வேண்டியது இது. சில்லறைத் தீவனத்தை நிறுத்திவிட்டு, ‘கிட்டன்’ என்று போட்ட மூடிய சிறு பை ஒன்று வாங்கவும். பழையதோடு கலந்து ஒரு வாரத்தில் மெள்ள மாற்றவும். புதுத் தீவனத்தைத் தொடவில்லை என்றால் ‘பசித்தால் தின்னும்’ என்று விட்டுவிடக் கூடாது. இரண்டு, மூன்று நாள் பட்டினி கிடந்தால் பூனைக்கு ஈரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். நாலு வாரம் ஆன குட்டிகளுக்கு வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்துக் குழைத்துக் கொடுக்கலாம். சமையலறைத் தராசில் வாரம் ஒரு முறை நிறுத்துப் பார்க்கவும். வாரத்துக்கு 100 கிராம் போல ஏறினால் சரியான பாதை.

முடி கொட்டுவதற்குத் தீவனம் மட்டும் காரணம் என்று முடிவு கட்ட வேண்டாம். தெள்ளு, படை, குடற்புழு எதுவாகவும் இருக்கலாம். குட்டிகள் தேறாததற்கும் புழு காரணமாகலாம். கால்நடை மருந்தகத்தில் காட்டிப் புழு நீக்கம் செய்யவும். மாட்டு உண்ணிக்கு அடிக்கும் மருந்தைத் தெள்ளுக்காகப் பூனை மேல் அடித்துவிடாதீர்கள். சைபர்மெத்ரின், பெர்மெத்ரின் வகை மருந்துகள் பூனைக்கு விஷம்.

பாக்கெட் தீவனத்தோடு மீன் கொடுப்பது நல்லதுதான். மத்தி, நெத்திலி, கெண்டை எதுவானாலும் வேகவைத்துக் கொடுக்கவும். சிலவகைப் பச்சை மீனில் வைட்டமின் பி1-ஐ அழிக்கும் பொருள் இருக்கிறது; வெந்தால் போய்விடும். டாரின் வெந்த தண்ணீரில் இறங்கிவிடும் என்பதால் அந்தச் சாற்றையும் சேர்த்தே ஊற்றவும். மீன் குழம்பு வேண்டாம். வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தத்தைக் கெடுக்கும்.

தண்ணீர் முக்கியம். உலர் தீவனத்தில் ஈரம் பத்தில் ஒரு பங்குதான். இரண்டு, மூன்று இடத்தில் அகலமான மண்சட்டியில் தண்ணீர் வைக்கலாம். குட்டிகளில் கடுவன் இருந்தால், வளர்ந்த பிறகு ஒன்றைக் கவனிக்க வேண்டும். அது மூத்திரம் வராமல் முக்கிக்கொண்டு உட்கார்ந்தால், மலச்சிக்கல் என்று விளக்கெண்ணெய் கொடுத்துக்கொண்டிருக்கக் கூடாது. மூத்திரக்குழாய் அடைத்திருக்கும். ஒன்றிரண்டு நாளில் உயிர் போய்விடும். அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும்.

அடைத்து வளர்க்க நேர்ந்த காரணத்தையும் பார்க்க வேண்டும். எலிக்கு வைக்கும் புரோமடியோலோன் கட்டி உடனே கொல்லாது. தின்ற எலி மூன்று, நாலு நாள் தள்ளாடித் திரியும். பூனைக்குச் சுலபமான இரை. பூனைக்கு ஈறு வெளுப்பது, மூக்கில் ரத்தம், சோர்வு என்று தெரிந்தால் உடனே மருத்துவரிடம் போனால் வைட்டமின் கே1 கொடுத்துக் காப்பாற்ற வழி உண்டு. வயலில் மருந்து வைப்பவர்கள் பக்கத்து வீடுகளில் தேதியைச் சொல்லிவிட்டு வைப்பதும், தினமும் காலையில் செத்த எலிகளைப் பொறுக்கி ஆழமாகப் புதைப்பதும் பெரிய வேலை இல்லை. அப்படிச் செய்தால் அந்தப் பத்து, பதினைந்து நாள் மட்டும் பூனையை அடைத்துவைத்தால் போதும்.

‘‘எங்கள் வீட்டில் அசைவம் சமைப்பதில்லை. பூனைக்குத் தயிர்சோறுதான். ஏதாவது சத்துப் பவுடர் சேர்த்துச் சமாளிக்கலாமா?’’
- வாசகர், தென்காசி மாவட்டம்.

பூனை வெளியே போய் வேட்டையாடுகிறது என்றால் தயிர்சோறு வைப்பதால் கெடுதல் இல்லை. பாலைவிடத் தயிர் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளும். வீட்டுக்குள்ளேயே இருக்கும் பூனை என்றால், பவுடரால் ஈடுகட்ட முடியாது. டாரினை மட்டும் தனியாகச் சேர்த்தாலும் வைட்டமின் ஏ, சில கொழுப்புகள், போதுமான புரதம் என்று மற்றவை விட்டுப்போகும். அவித்த முட்டை உதவும். அதுவும் முழுச் சாப்பாடு ஆகாது. இதுபோன்ற வீடுகளுக்குத்தான் உலர் தீவனம் சரியான வழி. சமைக்க வேண்டாம், அடுப்பில் ஏற்ற வேண்டாம், பாத்திரம் தனி. மேலே சொன்ன கணக்கைப் போட்டு ஒரு பையைத் தேர்ந்தெடுத்து, ஒரு மாதத்தில் தீருகிற அளவாக வாங்குங்கள். தகர டப்பாவில் கொட்டாமல், பையோடு டப்பாவுக்குள் வைத்து மூடுங்கள். தேதியும் கம்பெனி பெயரும் கையோடு இருக்கும், பழைய எண்ணெய்ப் பிசுக்கும் புதியதில் ஒட்டாது. எறும்புக்குக் கிண்ணத்தைத் தண்ணீர்த் தட்டில் வையுங்கள். மீந்ததை ராத்திரி எடுத்து வைத்துவிட வேண்டும். பூனை தூங்கும் நேரத்தில் அதைத் தின்ன எலி வரும்.